நாற்பதாவது நிமிடம்

அத்தியாயம் 11

விண்கலம் நடுவானத்தில் நின்றுவிட்டது.

கண்டக்டர் பெரியண்ணன் கைப்பிடியை இடமும் வலமும் ஆட்டினார். சுடுகிற பட்டனைக் கட்டைவிரலால் குத்து குத்தென்று குத்தினார். ஒன்றும் அசையவில்லை. திரையில் எழுத்துகள் உடைந்து சிதறிக் கிடந்தன. பெட்டிக்குள்ளிருந்து 'ஙொய்' என்று ஒரே சத்தம், மூச்சு விடாமல்.

"போச்சு! மூவாயிரத்துச் சில்றை பாயிண்டு வெச்சிருந்தேன் பாய்! வண்டி எடுக்க இன்னும் ஏழு நிமிசம் இருக்குது. அதுக்குள்ள கழுத்தறுத்துடுச்சே!"

காஜா ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். "கோச்சிக்காதீங்கண்ணா. அடுத்த ட்ரிப்பு வந்ததும் சும்மாவே ஒரு ஆட்டம் ஆடிக்கங்க."

"நீ ஆட்டம் குடுப்பே. உம்பெட்டி ஆட உடணுமே!"

பெரியண்ணன் தோல்பையை இடுக்கிக்கொண்டு காரிமங்கலம் பஸ்ஸைப் பார்த்து நடையைக் கட்டினார்.

பெட்டிக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் வீடு. திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாளில் பென்சிலால் எழுதியது: வெள்ளி, காலை, 48.

கை ஷகிலாவுடையது.

ஷுக்கூர் பாய் குடும்பத்தைத் தெரியாதவர்கள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் குறைவு. இந்தப் பக்கத்துக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் பூட்டும் டார்ச் லைட்டும் விற்கிறவர் அப்துல் ஷுக்கூர். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே மகன் காஜா. பெங்களூரில் டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டு திரும்பியவன், அப்பா கடையைப் பிளைவுட் பலகையால் பாதியாகத் தடுத்து, ஆறு மாதம் முன்பு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் பெட்டியை வைத்தான். பலகைப் பெட்டிக்குள் போர்டு, மேலே கலர் டிவி, எதிரே ஒரு ஸ்டூல். ஆட்டம் ஒன்றுக்கு எட்டணா. ஊரே வந்து குந்தியது.

போன மாதத்திலிருந்து பெட்டி நடுவில் நின்று நின்று மானத்தை வாங்குகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து சவூதியிலிருந்து, தம்மாமிலிருந்து கடிதம். காஜாவின் தாய்மாமா முகம்மது கவுஸ் விசா வாங்கி வைத்திருக்கிறார். விமானம் ஏற உடனே பம்பாய்க்குக் கிளம்ப வேண்டுமாம்.

நேற்று ஷுக்கூர் பாய் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஜும்மாத் தொழுகை முடிச்சு ரெண்டு மணிக்கு நான் வந்து உக்காருவேன். அஞ்சு மணிக்கு உன் மாமன் போன் பண்றான். அந்த நேரம் இந்தப் பெட்டி ஓடிக்கிட்டிருந்தா, பையன் வர்லேன்னு நானே சொல்லிடறேன். நின்னு கெடந்தா நீ ரயில் ஏறு. தெனம் தெனம் அல்லாடறது போதும்."

காஜாவின் மனைவி ஷகிலாவுக்கு ஐந்து மாதம். அவள் கல்யாணத்துக்குக் கேட்டது நகையல்ல, புடவையல்ல. மாப்பிள்ளை வெளிநாடு போகக் கூடாது, அவ்வளவுதான். காஜா தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை அவளே சொல்வாள். நான் முந்திக்கொள்ளவில்லை.

"சூடு ஆறட்டும். அப்புறம் ஓடும்," என்றான் காஜா, திரையை விலக்கிக்கொண்டு.

"ஆறினா ஓடுதுங்க. அதான் என்னோட கேள்வியே." ஷகிலா காலண்டர் தாளை நீட்டினாள். "பாருங்க. காலையில ஆரம்பிச்சா ஐம்பது நிமிசம் தாங்குது. மதியத்துல நாப்பது. செவ்வாக்கெழமை தூறல் போட்டுச்சே, அன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிச்சு. கரண்ட்டு கோளாறா இருந்தா வெயில் பாத்தா நிக்கும்?"

"சூடுன்னு எனக்கும் தெரியுது. எங்க சூடுன்னு தெரியணுமில்ல."

"தெறந்து பாத்துடலாம்."

"நான் ஒருவாட்டி தெறந்து பாத்துட்டேன்."

"நான் பாக்கலையே."

காஜா ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். கொஞ்சம் மெதுவாகத்தான் கொடுத்தான். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, அதனால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெட்டியின் பின்பக்கம் வீட்டைப் பார்த்து இருந்தது ஷகிலாவுக்கு வசதி. திரைக்குள் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். நாலு திருகாணியைக் கழற்றிப் பின்பலகையை இறக்கினாள். உள்ளே வயர் இணைப்பு ஒவ்வொன்றிலும் கறுப்பு டேப், ஒவ்வொரு டேப்பின் நுனியிலும் சின்னதாக மடித்த முக்கோணம். காஜாவின் கைவேலை அது. 'என்னங்க, எல்லா டேப்புக்கும் காது வெச்சிருக்கீங்க' என்று கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறாள். 'பிரிக்கணும்னா நகத்தால சொரண்ட வேணாம் பாரு' என்பான். வீட்டு இஸ்திரிப் பெட்டி வயரில்கூட அந்தக் காது உண்டு.

சுவிட்சைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் ஓடவிட்டு, போர்டிலுள்ள ஒவ்வொரு ஐசிச் சில்லின் முதுகிலும் விரலை வைத்து வைத்து எடுத்தாள். சிலது வெதுவெதுப்பு. சிலது காய்ச்சல்காரன் நெற்றி. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு இருபதாக நாற்பது காலோடு பூரான் போலப் படுத்திருந்ததே, அதைத் தொட்டதும் கையை உதறினாள்.

"யா அல்லா! தோசைக்கல்லு மாதிரி இருக்குது."

"அதான் பிராசஸர். மூளை. அது சூடாகும்தான். அதுக்குத்தானே ஃபேன் வெச்சிருக்குது."

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்கை அகல ஃபேன், பெட்டியின் அடிப்பக்க ஓட்டையிலிருந்து வெளிக்காற்றை இழுத்து மூளைமேல் ஊதவேண்டியது. ஷகிலா காலண்டர் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து அந்த ஓட்டையருகே பிடித்தாள். காற்று உள்ளே போனால் தாள் ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தாள் சும்மா தொங்கியது.

"ஃபேன் சுத்துது. காத்து போவல," என்றாள்.

பஸ் ஸ்டாண்டுத் தூசி உள்ளே போகாமலிருக்க, ஓட்டைக்கு உள்பக்கம் காஜா ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்திருந்தான். மஞ்சள் ஸ்பாஞ்சு. ஷகிலா அதை இழுத்தபோது அது மஞ்சளாக இல்லை. கறுப்பாக, பிசுக்காக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா சிரிக்கறே?" காஜா குனிந்தான்.

"மோந்து பாருங்க."

சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை தவறாமல் பஜார் கடைகளுக்குத் தூபக்காலும் மயிலிறகுக் கட்டுமாக ஒரு சாம்பிராணி பாவா வருவார். பூட்டுக் கடைக்கு முன்னால் இரண்டு வீச்சு வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்த மனிதரை, பெட்டி வந்த நாளிலிருந்து காஜாவின் அம்மா அஸ்கரி பேகம் விடுவதில்லை. 'என் புள்ள தொழிலு, நல்லாப் போடுங்க பாவா' என்று பெட்டிக்குக் கீழேயே தூபக்காலை வைக்கச் சொல்வார். பெட்டி புகையை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து அஸ்கரி பேகத்துக்குப் பூரிப்புத் தாங்காது. 'பாத்தியா, ஒரு பொட்டு வெளிய உடல. எல்லா பரக்கத்தும், அருளும் உள்ள போவுது!'

ஆறு மாத பரக்கத்தும் அந்த ஸ்பாஞ்சில் இருந்தது.

"அப்போ என்னாலதான் கெட்டுச்சுன்னு சொல்றே?" அடுக்களை வாசலில் அஸ்கரி பேகம் நின்றுகொண்டிருந்தார். கையில் வெங்காயம், கண்ணில் நீர். வெங்காயத்தால் மட்டுமல்ல.

"அப்படிச் சொல்லல மாமி."

"சொல்லு, சொல்லு. நாஞ்செஞ்ச தப்புன்னா சொல்லு. ஊருல எத்தினி கடைக்கு சாம்பிராணி போடறாங்க! எந்தப் பூட்டு தொறக்காமப் போச்சு?"

"பூட்டு மூச்சு உடாது மாமி. இது உடுது. மூக்குல துணிய அடைச்சா நாம மயங்க மாட்டமா? அது மாதிரிதான்."

அஸ்கரி பேகம் ஸ்பாஞ்சை வாங்கிப் பார்த்தார். விரலால் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே, "எம்புள்ளைய நானே புகை போட்டு ஊரை உட்டு அனுப்பப் பாத்தனா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஷகிலா ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். சோப்புத் தூள் போட்டுக் கசக்கினாள். மூன்று தண்ணீர் கறுப்பாக ஓடிற்று. நாலாவது தண்ணீரில் மஞ்சள் தெரிந்தது. பங்குனி வெயில் ஊரில் எல்லாரையும் வறுத்தாலும் அன்றைக்கு இந்தக் குடும்பத்துக்கு ஒரு உபகாரம் செய்தது. கைப்பிடிச் சுவர்மேல் வைத்த ஸ்பாஞ்சு இருபது நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

வாசலில் பாவாவின் குரல் கேட்டபோது அஸ்கரி பேகம் தானே ஓடினார். "இன்னிக்குப் பூட்டுக்கு மட்டும் போடுங்க பாவா. அந்தப் பக்கம் வேணாம். அதுக்கு... அதுக்கு சளி."

பதினொன்றரைக்குப் பெட்டியை ஓடவிட்டார்கள். இந்தத் தடவை தாள்கீற்று பட்டென்று ஓட்டையில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு பத்து. நாற்பது நிமிடம். ஷகிலா பெட்டியின் சத்தத்துக்கே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருபது. பன்னிரண்டரை. மூளையைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடிந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் காலண்டர் தாளில் '75' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

"ஜெயிச்சிட்டோங்க!"

"ம். ஜெயிச்சிட்டே," என்றான் காஜா. "காலையிலேர்ந்து குந்தினே கெடக்கறே. போய்ச் சாப்பிடு. பின்பலகைய நான் மாட்டிட்டு ஜும்மாவுக்குப் போறேன்."

அவள் எழுந்தாள். முதுகு வலித்தது. அவன் சொன்னதில் 'ஜெயிச்சிட்டோம்' இல்லை, 'ஜெயிச்சிட்டே' என்று இருந்தது. அப்போது அவள் காதில் அது விழவில்லை. பசி.

இரண்டு மணிக்கு ஷுக்கூர் பாய் வந்து நாற்காலி போட்டார். தொப்பியைக் கழற்றவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பலகைக்கு அந்தப் பக்கம் பூட்டு வாங்க வந்த ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லாமல் போய்விட்டார். பூட்டு வியாபாரத்தில் முப்பது வருடமாக நடக்காத அதிசயம் இது.

"போடு."

காஜா சுவிட்சைப் போட்டான். கலைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடினார்கள். திரைக்குள் ஷகிலா பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அஸ்கரி பேகம், உதடு மட்டும் அசைய.

இரண்டு இருபது. இரண்டரை.

காரிமங்கலம் போய்த் திரும்பிய பெரியண்ணன் வந்து நின்றார். "என்னா பெரிய பாய், நீங்களும் ஆடறீங்களா?"

"நான் ஆடல. இதுதான் என்னைய ஆட்டுது."

இரண்டு நாற்பது.

விண்கலம் நின்றது. எழுத்து உடைந்தது. 'ஙொய்.'

மாணவர்களில் ஒருவன் அவசரமாகக் கையை எடுத்துக்கொண்டான், தான்தான் உடைத்துவிட்டது போல. ஷுக்கூர் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"சரி," என்றார். "அவ்வளவுதான்."

"மாமா!" திரைக்குள்ளிருந்து ஷகிலா. "நீங்க அஞ்சு மணின்னுதான் சொன்னீங்க. இப்போ மூணுகூட ஆவல."

ஷுக்கூர் பாய் மறுபடி உட்கார்ந்தார். "பாரு. அஞ்சு வரைக்கும் பாரு. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

ஷகிலா பின்பலகையை மறுபடி கழற்றினாள். திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்டது. காலையில் எழுபத்தைந்து நிமிடம் ஓடியது. அதே ஸ்பாஞ்சு, அதே வெயில். நடுவில் என்ன ஆனது?

"உள்ள இருட்டா இருக்குதுங்க. லைட்டு வேணும்."

காஜா கடையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து வந்து அவள் தோளுக்கு மேலாகப் பிடித்தான். வெளிச்சம் போர்டின்மேல் விழுந்தது. டிவி வயரின்மேல் விழுந்தது. மறுபடி போர்டு.

"கீழ காட்டுங்க. ஃபேன்கிட்ட."

வெளிச்சம் டிரான்ஸ்பார்மரில் நின்றது.

"கீழங்க!"

வெளிச்சம் இறங்கவில்லை. அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள். பெட்டிக்குக் கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் போகும் இரண்டு வயரும் பிரிந்து கிடந்தன. அறுந்து அல்ல. தானாகக் கழன்றும் அல்ல. இணைப்பைப் பிரித்து, ஒவ்வொரு நுனிக்கும் தனித்தனியாகப் புது டேப் சுற்றியிருந்தது. தூசி படாத, பளபளப்பான டேப். நுனியில் சின்ன முக்கோணக் காது.

ஒன்றோடொன்று உரசி யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று அத்தனை அக்கறை!

ஷகிலா நிமிர்ந்து பார்த்தாள். காஜா டார்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, என்னா கோளாறு?" முன்பக்கமிருந்து ஷுக்கூர் பாய்.

ஒரு சொல் போதும். மாமனார் எழுந்து வந்து நாலு பேர் முன்னால் மகனைக் கேட்டுவிடுவார். பெரியண்ணன் அதை காரிமங்கலம் வரைக்கும் டிக்கெட்டோடு கிழித்துக் கொடுப்பார். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஆனாலும் அவனை அப்படிக் காட்டிக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"ஒயரு கழண்டிருக்குது மாமா," என்றாள். "மாட்டிடறேன்."

காதைப் பிடித்து இழுத்தாள். டேப் சுலபமாகப் பிரிந்து வந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. மூன்றேகாலுக்கு ஷகிலா மாமியாரை முன்பக்கம் டீ கொண்டுபோகச் சொல்லிவிட்டு, குடம் வைத்திருக்கும் நடையில் போய் நின்றாள். காஜா அவள் பின்னால் வந்தான். வரச்சொல்லி அவள் கூப்பிடவில்லை.

"எப்போ பண்ணுனீங்க?"

"நீ சாப்பிடப் போனப்போ."

"போன மாசமெல்லாம்?"

"சத்தியமா இல்ல. அது சாம்பிராணிதான். நான் எதுவும் செய்யல. அது தானா நின்னுச்சு. நிக்கட்டும்னு நானும் உட்டுட்டேன். இன்னிக்கு நீ சரி பண்ணிட்டே." அவன் குரல் உள்ளே போயிற்று. "எனக்கு என்னா செய்யறதுன்னு தெரியல."

"போவணும்னு இருக்குதா?"

"இருக்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உடுவியா?"

"உட மாட்டேன்."

"அதான் சொல்லல."

ஷகிலா குடத்தின் மூடியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "நல்லாருக்குது. பெட்டி நின்னு போச்சு, அதனால போறேன்னு ரயில் ஏறிடலாம். நீங்களும் நல்லவரு, நானும் நல்லவ. கெட்டது ஒரு ஃபேன் மட்டும்."

"ஷகிலா, ஆறு மாசமா அத்தா கடையில பாதியப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன். யாராச்சும் வந்து கேட்டா எம்பையன் கடைன்னு சொல்ல மாட்டாரு. 'அது அந்தப் பக்கம்'னு கைய காட்டுவாரு. எனக்குன்னு ஒண்ணு வேணும். எங்கையால சம்பாதிச்சு, எம்பேருல ஒரு கடை. ரெண்டு வருசம். ரெண்டே வருசம் போயிட்டு வந்துடறேன்."

"எங்கத்தாவும் ரெண்டு வருசம்னுதான் போனாரு."

காஜா தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கதை அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தியம் செய்தான்.

"எங்கம்மாவுக்கு அப்போ அஞ்சு மாசம், வயித்துல நான். இப்போ எனக்கு இருக்குதே, அதே அஞ்சு மாசம். பதினாலு வருசம் ஆச்சு அவரு முழுசா வந்து சேர. நடுவுல மூணுவாட்டி லீவுல வந்தாரு. ஒவ்வொருவாட்டியும் நான் புதுசா பழகணும். பழகி முடிக்கறதுக்குள்ள பொட்டி கட்டிடுவாரு. கேசட்டுல பேசி அனுப்புவாரு. டேப் ரிக்கார்டர் கெட்டுப்போனா அவரு கொரலு எருமை கத்தற மாதிரி இழுக்கும். அம்மா அழுவும். ரிப்பேர் கடைக்குக் குடுத்தா நம்ம வூட்டுப் பேச்சை அவங்க கேப்பாங்கன்னு, நானே தெறந்து நானே சரி பண்ணக் கத்துக்கிட்டேன். ஒம்பது வயசுல. எனக்கு ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரியுதுன்னு ஊரே மெச்சுதே, அது இப்படி வந்ததுதாங்க."

கலைக் கல்லூரி மாணவன் முன்பக்கம் ஏதோ சொல்லிச் சிரித்தான். பெட்டி 'டுப் டுப்' என்று சுட்டுக்கொண்டிருந்தது.

"நம்ம புள்ளைக்கு அது வேணாம்," என்றாள் ஷகிலா. "எனக்கு உங்க மேல கோவமா வருது. நீங்க போயிட்டா எப்படி இருப்பேன்னு பயமாவும் இருக்குது. ரெண்டும் ஒண்ணா வந்தா என்னா பண்றதுன்னு எனக்கும் தெரியல."

காஜா கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

மூன்று நாற்பது வந்தது. ஷுக்கூர் பாய் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விண்கலம் போய்க்கொண்டே இருந்தது. மூன்று நாற்பத்தொன்று.

"தாண்டிடுச்சு!" அஸ்கரி பேகம் டீ டம்ளரோடு கூவினார். கூவிய வேகத்தில் பாதி டீ ஷுக்கூர் பாயின் வேட்டியில். அவர் திட்டவே இல்லை.

நாலு. நாலரை. பெரியண்ணன் ஒகேனக்கல் வண்டி கண்டக்டரிடம் கெஞ்சி ட்ரிப்பை மாற்றிக்கொண்டு ஸ்டூலில் குந்திவிட்டார். ஷகிலாவால் உட்கார முடியவில்லை. திரைக்கும் குடத்துக்கும் நடையாக நடந்தாள். பெட்டி நிற்கக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டவளுக்கு, இப்போது அது ஓட ஓட ஏனோ நிம்மதி வரவில்லை. திரை இடுக்கு வழியாகக் காஜாவைப் பார்த்தாள். பெட்டியில் பாயிண்டு ஏற ஏற அவன் தோள் இறங்கிக்கொண்டே போனது. அத்தனை பேர் சந்தோஷத்துக்கு நடுவில் அவன் ஒருவன்தான் எழவு வீட்டில் நிற்பவன் போல நின்றான்.

இவனை இப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். வயர் மாட்டத் தெரிந்தால் போதும். வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருப்பான், இந்த முகத்தோடு.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. அடுத்த கடை மாதுவின் துணிக்கடை போன்.

"பெரிய பாய்! தம்மாம் போனுங்க! சீக்கிரம் வாங்க!" மாது கத்தினான்.

ஷுக்கூர் பாய் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். ஓடுகிற பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஓடுது. சொன்ன சொல்லு சொல்லுதான். பையன் வர்லேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"மாமா, நில்லுங்க."

பச்சைத் திரை விலகியது. ஷகிலா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றாள். ஆறு மாதத்தில் அவள் அந்தத் திரையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. பெரியண்ணன் ஆட்டத்தை விடாமல் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"அவங்க போய்ப் பேசட்டும் மாமா."

"என்னாத்துக்கு? பெட்டிதான் ஓடுதே. முடிஞ்சு போச்சு."

"பெட்டி ஓடுதுன்னு நீங்க சொல்லிடுவீங்க. அவங்க மனசுல என்னா இருக்குதுன்னு பெட்டிக்குத் தெரியாது மாமா."

ஷுக்கூர் பாய் மகனைப் பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். முப்பது வருடம் பூட்டு விற்றவருக்கு எது பூட்டியிருக்கிறது என்று தெரியாமலா போகும்? மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வெளிநாட்டுப் போனுங்க! வெச்சிடுவாங்க!" மாது மறுபடி கத்தினான்.

"போங்க," என்றாள் ஷகிலா காஜாவிடம். "எதுன்னாலும் உங்க வாயால சொல்லுங்க. நான் கேக்கணும்."

காஜா அவளைத் தாண்டிப் போனான். வாசற்படியில் ஒருமுறை நின்றான். அப்புறம் போய்விட்டான்.

மாதுவின் கடைக்கும் இதற்கும் நடுவே ஒரே சுவர், முன்பக்கம் இரண்டும் திறப்பு. பேசினால் கேட்கும். ஆனால் பெட்டி 'டுப் டுப்' என்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் வாழ்நாளில் தொடாத ஐயாயிரத்தைத் தொடப்போகிறார். காஜா ரிசீவரை எடுத்துவிட்டானா? பேசிவிட்டானா? ஒன்றும் கேட்கவில்லை.

காலையிலிருந்து அந்தப் பெட்டி நிற்கக் கூடாதென்று பாடுபட்டவள் அவள். ஷகிலா கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள்.

பெரியண்ணன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கடையிலிருந்து காஜாவின் குரல் தெளிவாக வந்தது.

"அலோ... மாமா, காஜா பேசறேன்."

பெட்டிக்குள் ஃபேன் மெள்ள மெள்ளச் சுற்றி நின்றது. அவன் இன்னும் அடுத்த வார்த்தை சொல்லவில்லை.